கேம் லூப்பை ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள்

வளையம்:

பொழுதுபோக்காகக் கேம் எழுதுகிறவன் நான். பிழைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முடித்தவையெல்லாம் சின்னச் சின்ன கேம்கள்தான்: செங்கல் உடைப்பது, பாம்பு, தாவித் தாவி ஏறும் ஒரு பிளாட்ஃபார்மர். ஆனால் கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை இவை கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறு எந்தப் புரோகிராமும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் நேரம் என்றுதான் நினைக்கிறேன்.

கணக்குப் போடும் புரோகிராமுக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை. அரை விநாடியில் விடை தந்தாலும் ஐந்து விநாடியில் தந்தாலும் விடை அதேதான். கேமில் யாரும் எதையும் அழுத்தாவிட்டாலும் பந்து நகர வேண்டும், எதிரி நடக்க வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. விசைகளைப் படிப்பது, உலகத்தை நகர்த்துவது, மோதல் பார்ப்பது, வரைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இந்த வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுதான் கேம் லூப்.

இதை எழுத முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, சுற்றுக்கு 3 பிக்சல் என்று பந்தைத் தள்ளுவது. நம் திரையில் சரியாக இருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை, வைத்திருப்பவரிடம் கொடுத்தால் பந்து இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும்.

அடுத்தது டெல்டா டைம். போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கு என்பார்கள். பல பாடங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகும் பொருளுக்கு இது போதும். ஈர்ப்பு வந்துவிட்டால் போதாது. கதாபாத்திரம் மேல்நோக்கி 10 அலகு வேகத்தில் தாவுகிறது, ஈர்ப்பு 20 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சூத்திரப்படி எட்டும் உயரம் 2.5. ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் இடத்தை மாற்றி அப்புறம் வேகத்தைக் குறைத்தால், 30 ஃபிரேமில் ஓடும் கணினியில் உயரம் 2.67 வரும். 144 ஃபிரேமில் 2.53தான் வரும். 2.6 உயரத்தில் ஒரு மேடை வைத்திருந்தால் மெதுவான கணினிக்காரர் ஏறிவிடுவார், வேகமான கணினிக்காரரால் ஏறவே முடியாது. வரிசையை மாற்றி வேகத்தை முதலில் குறைத்தால் அதே அளவு பிழை எதிர்ப்பக்கம் வரும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது:

    சேமிப்பு += கடந்த_நேரம்
    சேமிப்பு >= படி என்றிருக்கும் வரை:
        பழைய_நிலை = நிலை
        நிலை = நகர்த்து(நிலை, விசைகள், படி)
        சேமிப்பு -= படி
    வரை(பழைய_நிலை, நிலை, சேமிப்பு / படி)

சேமிப்பு என்பது உலகம் இன்னும் நகர்ந்து தீர்க்காத நேரம். படி என்பது எப்போதும் 1/60 விநாடி. திரை எந்த வேகத்திலும் ஓடட்டும், உலகம் இந்தப் படியில் மட்டும்தான் நகரும். மிச்சமிருக்கும் துண்டு நேரத்தை வைத்து, பழைய நிலைக்கும் புது நிலைக்கும் நடுவே ஓர் இடத்தைக் கணித்து வரைகிறோம். அதனால் அசைவு தட்டுத்தடுமாறாமல் தெரியும்.

இந்த ஆறு வரிகள் அசைவைச் சீராக்குவதோடு நிற்பதில்லை. 'நகர்த்து' இப்போது ஒரு கணிதச் சார்பு மாதிரி. அதே நிலை, அதே விசைகள் என்றால் அதே விடை. முழு ஆட்டத்தையும் பதிவு செய்ய விசைகளை மட்டும் எழுதி வைத்தால் போதும். பக் வந்ததா, அந்த விசைக் கோப்பை மறுபடி ஓட்டு, அதே படியில் அதே பக் வந்து நிற்கும். கைக்குச் சிக்காமல் ஓடும் பிழையை இப்படி நிற்க வைத்துப் பார்க்கிற சுகத்துக்காகவே ஒருமுறையாவது லூப்பைக் கையால் எழுத வேண்டும் என்கிறேன். அப்புறம் எந்த கேம் இன்ஜினுக்கு (லூப் மாதிரி அடிப்படைகளைத் தயாராகத் தரும் கருவிக்கு) வேண்டுமானாலும் போங்கள்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கட்டமைப்பாளன்:

> ஒருமுறையாவது லூப்பைக் கையால் எழுத வேண்டும்

இதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எழுதிய அந்த ஆறு வரிகள் இன்ஜின்களுக்குள் ஏற்கனவே இருக்கின்றன. கோடோ இன்ஜினில் 'ஃபிசிக்ஸ் பிராசஸ்' என்ற பகுதி இயல்பாக விநாடிக்கு 60 முறை ஓடுகிறது. யூனிட்டியில் 'ஃபிக்ஸ்ட் அப்டேட்' 0.02 விநாடிக்கு ஒருமுறை. எத்தனையோ பேர் பயன்படுத்திப் பட்டை தீட்டிய கோட் அது.

பொழுதுபோக்காக எழுதுகிறவரிடம் இருப்பது வேலை முடிந்து வரும் மாலை நேரம் மட்டும்தான். அதை லூப்பிலும் சாளரம் திறப்பதிலும் ஒலிக் கோப்பு படிப்பதிலும் செலவழித்தால் கேமே பிறக்காது. 'எனக்கு ஒரு இன்ஜின் எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று தொடங்கியவர்களில் கேமோடு திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு என்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

செலெஸ்ட் என்ற பிளாட்ஃபார்மர் முதலில் பிக்கோ-8 என்ற கேம் உருவாக்கும் கருவியில் நான்கு நாளில் எழுதப்பட்ட சின்ன கேம். 128க்கு 128 பிக்சல், 16 நிறம், லூப்பை அந்தக் கருவியே ஓட்டிக்கொள்ளும். அதை எழுதியவர்கள் அந்த நான்கு நாளையும் தாவலின் சுவையில் செலவழித்தார்கள். 2018இல் அது முழு கேமாக வந்தது. நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வளையம்:

செலெஸ்ட் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். இன்ஜின் எழுதச் சொல்லவில்லை, ஒரு பந்து, ஒரு மட்டை அளவுக்கு ஒரு கேம் எழுதச் சொல்கிறேன். அது ஒரு வார இறுதி வேலை.

இது இன்ஜினுக்குள் போன பிறகும் பயன்படும். யூனிட்டியில் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'தாவும் விசையை அழுத்துகிறேன், சில சமயம் தாவவே மாட்டேன் என்கிறது.' ஃபிக்ஸ்ட் அப்டேட்டுக்குள் 'இப்போது அழுத்தப்பட்டதா' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் ஒரு வரைதல் ஃபிரேமுக்குத்தான் செல்லும். விநாடிக்கு 144 வரைதல், 50 படி என்றால் பல ஃபிரேம்களில் படியே நடக்காது. அழுத்தியது அந்த இடைவெளியில் விழுந்தால் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். மேலே உள்ள லூப்பைக் கையால் எழுதியவருக்கு இது உடனே புரியும்: விசையை வரைதல் பக்கம் பிடித்து வைத்து, அடுத்த படி வரும்போது அதனிடம் கொடு. எழுதாதவர் ஏதோ ஒரு எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எட்டுபிட்:

நேரத்தோடு மல்லுக்கட்டுவது இந்தத் துறையின் ஆதி விவகாரம். 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள். இன்டெல் 8080 பிராசசரால் எல்லோரையும் ஒரே ஃபிரேமில் நகர்த்த முடியாது, ஃபிரேமுக்கு ஒருவர்தான் நகர்வார். 55 பேரும் ஓர் அடி வைத்து முடிக்க 55 ஃபிரேம் ஆகும். சுடச் சுட ஆள் குறையும், சுற்று சீக்கிரம் முடியும், படையே வேகமெடுக்கும். கடைசி ஆள் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்வார். வன்பொருளின் வரம்பிலிருந்து வந்த இந்த வேகத்தை நிஷிகாடோ சரிசெய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அந்த கேமின் பதற்றமே அதுதான்.

அதன் மறுபக்கம் ஐபிஎம் பிசி. 1981இல் வந்த முதல் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதை மட்டுமே மனதில் வைத்து, சும்மா எண்ணிக்கொண்டிருக்கும் லூப்பால் நேரத்தை அளந்த கேம்கள் பல. வேகமான பிசிகள் வந்ததும் அவை ஆட முடியாத வேகத்தில் ஓடின. பழைய பெட்டிகளில் இருந்த 'டர்போ' பொத்தான் நினைவிருக்கிறதா? பெயர் வேகத்தைச் சொன்னாலும், அதை வைத்ததே இம்மாதிரிப் பழைய புரோகிராம்களுக்காகக் கணினியை மெதுவாக்கத்தான்.

வளையம் சொல்லும் முறைக்கு எனக்குப் பிடித்த பழைய எடுத்துக்காட்டு டூம், 1993. அதன் உலகம் விநாடிக்கு 35 படியில் நகரும். அதில் வரும் 'டெமோ' கோப்புகளில் வீடியோ எதுவும் கிடையாது, படிக்குப் படி ஆடுகிறவர் என்ன செய்தார் என்பது மட்டும் இருக்கும். 1997 டிசம்பரில் மூல நிரல் வெளியான பிறகு ஆர்வலர்கள் எழுதிய புதுப் பதிப்புகளில் உலகம் அதே 35 படியில்தான் நகர்கிறது. நடுநிலைகளைக் கணித்து வரைவதால் இன்றைய திரையில் வழவழவென்று தெரிகிறது. பழைய டெமோக்களும் ஓடுகின்றன.

புதுநிரல்:

எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், நிறைய தெளிவாகிறது. ஒரு சந்தேகம். நான் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுகிறேன், டெல்டா டைம் முறைதான். வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் கதாபாத்திரம் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடுகிறது. வளையம் எழுதிய லூப்புக்கு மாறினால் இது தானாகச் சரியாகிவிடுமா?

கட்டமைப்பாளன்:

பாதிதான் சரியாகும். நீங்கள் டேபை விட்டுப் போனதும் பிரவுசர் ஃபிரேம் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. 40 விநாடி கழித்துத் திரும்பினால் 'கடந்த நேரம் 40 விநாடி' என்று ஒரே அடியாக வருகிறது. அதை வேகத்தால் பெருக்கினால் கதாபாத்திரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே தாவாகப் போய்விடும். நடுவில் தரை இருந்ததை மோதல் சோதனை பார்க்கவே பார்க்காது.

நிலையான படிக்கு மாறினால் துளைப்பது நிற்கும். ஆனால் 40 விநாடி என்றால் 2400 படி, அத்தனையும் ஒரே ஃபிரேமில் ஓடும். அது முடிய நேரமாகும், அந்த நேரமும் அடுத்த ஃபிரேமின் கணக்கில் சேரும். ஒரு படியைக் கணக்கிட ஆகும் நேரம் படியின் நீளத்தைவிட அதிகமாக இருக்கும் கணினியில் இந்தக் கடன் தீரவே தீராது, கேம் உறைந்துபோகும். ஆகவே கடந்த நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நான் 0.25 விநாடி வைக்கிறேன். அதற்கு மேல் வந்தால் வெட்டிவிடு, கேமுக்குள் அந்த நேரம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள். டேப் மறைந்ததும் கேமை இடைநிறுத்திவிடுவது இன்னும் நல்லது, ஆடுகிறவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

துப்பாக்கிக் குண்டு மாதிரி மிக வேகமானவை மட்டும் 1/60 படியிலும் மெல்லிய சுவரைத் தாண்டலாம். அவற்றுக்குப் புள்ளியைச் சோதிக்காமல், பழைய இடத்திலிருந்து புது இடம் வரை ஒரு கோடு இழுத்து அந்தக் கோடு சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மிதவை:

> அதே நிலை, அதே விசைகள் என்றால் அதே விடை

ஒரே கணினியில், ஒரே முறை கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) கோட் என்றால் சரி. வேறு கணினிக்குப் போனால் ஜாக்கிரதை. மிதவைப்புள்ளி எண்களில் (கணினி குறிப்பிட்ட இலக்கம் வரை மட்டும் வைத்திருக்கும் பின்ன எண்கள்) மூன்றைக் கூட்டும்போது எந்த இரண்டை முதலில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடையின் கடைசி இலக்கம் மாறும். கம்பைலர் வரிசையை மாற்றலாம், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்க்கலாம், சைன் கொசைன் கணக்கை ஒவ்வொரு நூலகமும் தன் வழியில் செய்யலாம். ஒரு படியில் மயிரிழை வித்தியாசம் வந்தால், ஆயிரம் படி கழித்து எதிரி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பான். டூமில் இந்தத் தலைவலி வராததற்குக் காரணம், அதில் மிதவை எண்ணே கிட்டத்தட்ட இல்லை. 32 பிட்டில் மேல் 16 முழு எண்ணுக்கு, கீழ் 16 பின்னத்துக்கு. எல்லாம் முழு எண் கணக்கு, சைனுக்கு அட்டவணை.

1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கான வீரர்களை ஆட்டுவித்ததும் இந்த வழியில்தான். வீரர்கள் நிற்கும் இடங்களை அனுப்பாமல் ஆடுகிறவர்களின் கட்டளைகளை மட்டும் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும். ஒவ்வொரு கணினியும் அதே உலகைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அங்கே ஓர் இலக்கம் பிசகினாலும் இரண்டு பேர் இரண்டு வேறு போர்களை ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், கேமின் மொத்த நேரத்தை 32 பிட் மிதவையில் விநாடியாகச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். அதில் 24 பிட் துல்லியம்தான் உண்டு. 1,31,072 விநாடியைத் தாண்டினால், அதாவது ஒன்றரை நாள் ஓடினால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1/64 விநாடி ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு முழு ஃபிரேம். மெனுத் திரையில் அலை ஆடும் நீரெல்லாம் திக்கித் திக்கி ஆடும். படிகளை முழு எண்ணாக எண்ணுங்கள், விநாடி வேண்டுமென்றால் தேவைப்படும்போது வகுத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் கேம் விவகாரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அமெரிக்கப் படையினர் 28 பேர் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 0.1 என்பது இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும் பின்னம், 24 பிட்டில் வெட்டினால் துளியூண்டு குறையும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அந்தத் துளி 0.34 விநாடியாகச் சேர்ந்திருந்தது. ஸ்கட்டின் வேகத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கும் மேல். படியை எப்படி எண்ணுகிறோம் என்று நாம் இங்கே இவ்வளவு நேரம் பேசுவது சின்ன விஷயம் இல்லை.

வளையம்:

மிதவை, இந்தப் பதிவுக்கு நன்றி. படிகளை முழு எண்ணாக எண்ணுவதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். பொழுதுபோக்கு கேமில் பக் பிடிக்க மட்டும் மறுஓட்டம் வேண்டுமென்றால், சொந்தக் கணினியில் மிதவை எண்களே போதும். நெட்வொர்க் என்று போனால் நீங்கள் சொன்னபடி முழு எண்தான்.

ரேண்டம் (தற்செயல் எண்) பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறுஓட்டம் அதிகம் உடைவது அங்கேதான். மொழி தரும் பொது ரேண்டத்தைத் தொடாமல் உங்களுக்கென்று ஒரு சின்ன ரேண்டம் உருவாக்கி எழுதி, அதன் விதை எண்ணையும் (எண் வரிசை எங்கிருந்து தொடங்கும் என்று தீர்மானிக்கும் எண்) உலக நிலையின் பகுதியாகவே வையுங்கள். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்பதற்கு ஒன்று, புகை, தீப்பொறி மாதிரி அழகுக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே வரிசையிலிருந்து எண் எடுத்தால், திரைக்கு வெளியே இருப்பதால் ஒரு தீப்பொறி வரையப்படாமல் போன அன்று எதிரிகளின் முடிவெல்லாம் மாறிப்போகும்.

எட்டுபிட்:

ரேண்டம் என்றதும் இரண்டு பழைய சங்கதிகள். பேக்மேனில் பயந்து ஓடும் பேய்கள் ரேண்டமாகத் திரும்பும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் விதை எண் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால் அதே அசைவுகளை அப்படியே செய்தால் பேய்களும் அப்படியே ஓடும். ஆடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்து முழுப் பாதைகளையும் மனப்பாடம் செய்தார்கள். மூல நிரலைப் பார்க்காமலே, நிரல் மாறாமல் நடப்பதை விரல்களால் கண்டுபிடித்தவர்கள்!

இன்னொன்று பிட்ஃபால், 1982, அட்டாரி 2600. அந்த இயந்திரத்தின் மெமரி 128 பைட், கேம் மொத்தம் 4 கிலோபைட். ஆனால் காட்டில் 255 திரைகள். டேவிட் கிரேன் அவற்றைச் சேமிக்கவே இல்லை. ஒரு 8 பிட் எண்ணை நகர்த்திக் கலக்கினால் அடுத்த திரை, அதே கலக்கலை எதிர்த்திசையில் செய்தால் முந்தைய திரை. எண்ணின் பிட்கள்தான் குழி எங்கே, முதலை எங்கே என்று சொல்கின்றன. 8 பிட்டில் 256 எண்கள் இருந்தும் 255 திரைகள் ஏன் என்றால், பூஜ்யத்தை எவ்வளவு கலக்கினாலும் பூஜ்யமாகவே இருக்கும், அது வரிசைக்குள் வராது.

சதுரப்புள்ளி:

இதுவரை சரியாக ஓடுவதைப் பற்றியே பேசியிருக்கிறோம். ஆடுகிறவர் கையில் நன்றாக இருப்பதற்கும் இதே படிதான் அடிப்படை.

மேடையின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று படி கழித்துத் தாவும் விசையை அழுத்துவார்கள். கணக்குப்படி அவர் காற்றில் இருக்கிறார், தாவ முடியாது. ஆனால் ஆடுகிறவர் 'நான் சரியாகத்தான் அழுத்தினேன்' என்று சத்தியம் செய்வார். அவர் பக்கம்தான் நியாயம். திரையும் கண்ணும் விரலும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நம் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் விளிம்பை விட்ட பிறகும் ஆறு படி வரை, அதாவது 0.1 விநாடி, தாவ அனுமதிக்கிறேன். செலெஸ்டின் நிரலிலும் இந்தச் சலுகை 0.1 விநாடிதான். அதேபோல் தரையைத் தொடச் சில படிகள் முன்பே அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து தொட்டவுடன் தாவ வைக்கலாம். இரண்டும் ஒரு முழு எண் இறங்கிக்கொண்டே வருவதுதான், நாலு வரி கோட். கேமின் சுவை அடியோடு மாறிவிடும். இதைச் செய்யாத பிளாட்ஃபார்மரை எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆட முடிவதில்லை.

கேமராவையும் கவனியுங்கள். 'மிச்ச தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்' என்ற வரி எல்லோர் கோடிலும் இருக்கும். அதை வரைதல் பக்கம் வைத்தால் 144 ஹெர்ட்ஸ் திரையில் கேமரா விறைப்பாக ஒட்டிக்கொள்ளும், 30இல் இழுபடும். படிக்குள் வைத்தால் எல்லோருக்கும் ஒன்றுபோல நகரும்.

கட்டமைப்பாளன்:

இதில் முழு உடன்பாடு. இன்ஜினா கையால் எழுதுவதா என்ற விவாதத்தில் என் நிலை மாறவில்லை. முடிக்கப்பட்ட கேம்தான் எனக்கு முக்கியம். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இனி ஒன்று சேர்த்துச் சொல்வேன்: இன்ஜினில் முதல் நாளே ஃபிரேம் வரம்பை 30, 60, 144 என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். தாவல் உயரம் மாறினால் கோட் தவறான செயற்கூறில், அதாவது படிக்குள் இல்லாமல் வரைதல் பக்கம், உட்கார்ந்திருக்கிறது.

புதுநிரல்:

உச்சவரம்பு வைத்து, நிலையான படிக்கு மாறிவிட்டேன். தரைக்குள் விழுவது நின்றுவிட்டது! விசைப் பதிவும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு கேள்வி: ஈர்ப்பு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் பழைய பதிவுகளெல்லாம் எங்கோ போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இதற்கு வழி உண்டா?

வளையம்:

விதி மாறினால் பழைய பதிவு பொருந்தாது, அது இயல்பு. பதிவுக் கோப்பின் தலையில் மூன்றை எழுதி வையுங்கள்: கேமின் பதிப்பு எண், விதை எண், எந்தக் கட்டம் என்பது. பதிப்பு பொருந்தாத கோப்பை ஓட்ட மறுத்துவிடுங்கள், தவறாக ஓட்டிக் குழம்புவதைவிட அது மேல்.

அதோடு, 60 படிக்கு ஒருமுறை எல்லாப் பொருள்களின் இடத்தையும் வேகத்தையும் சேர்த்து ஒரு சரிபார்ப்பு எண் கணித்து அதையும் கோப்பில் எழுதுங்கள். மறுஓட்டத்தில் அந்த எண் ஒத்துப்போகாத முதல் இடத்தில் கேமை நிறுத்துங்கள். விதி எதையும் மாற்றாமலே அது நின்றால், அதற்கு முந்தைய 60 படிகளுக்குள் எங்கோ உங்கள் 'நகர்த்து' நிலையையும் விசைகளையும் தவிர வேறு எதையோ பார்க்கிறது. பெரும்பாலும் அது நேரடியாகப் படித்த கணினிக் கடிகாரமாகவோ, பொது ரேண்டமாகவோ இருக்கும். முதலில் அந்த இரண்டையும் தேடுங்கள்.